பேட்டி அண்ணையின் கடைசிக் கேள்வி

எண்பதுகளில் கனடாவைப் பற்றிப் பேட்டி அண்ணைக்குத் தெரிந்த அளவு எந்தக் கனடாக்காரருக்கும் தெரியாது. பாரிஸில் எங்கள் சனம் கூடும் லா ஷப்பலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எந்த மாகாணத்துக்கு எந்த மாகாணத்தின் மேல் கோபம், எந்தக் கட்சி எதற்காக உடைந்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. கனடாவை மட்டும்தான் அவர் பார்த்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரனுக்கு மட்டுமே தெரியும். பாரிஸுக்கு வெளியே லா கூர்னெவில் நானும் அவரும் ஒரே அறையில் இருந்தோம். மனைவி கனடாவில், மொன்றியலில் ஒரு தையல் தொழிற்சாலையில். இவர் பாரிஸில், ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டு. நடுவில் கடலைவிடப் பெரிதாக ஒரு விசா நின்றது.

அந்த ஹோட்டலுக்கு மாநாடு, புத்தகக் கூட்டம் என்று கனடாக்காரர்கள் வருவார்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் உட்கார்ந்தால் போதும். ஏப்ரனில் கையைத் துடைத்தபடி அண்ணை போய் நிற்பார். ஜாம் போத்தலுக்குப் பக்கத்தில் கசெட் ரெக்கார்டரை வைத்து, "முசியே, கனடாவைப் பற்றி அஞ்சே அஞ்சு நிமிசம்" என்பார். அந்த ஐந்து நிமிடம் நாற்பதுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. வந்தவர்களையும் சும்மா சொல்லக்கூடாது, வாயெல்லாம் பல்லாகப் பேசினார்கள். பாரிஸில் வேறு யார் அவர்களிடம் கனடாவைப் பற்றிக் கேட்டார்கள்?

ஒருமுறை ஒரு நாவலாசிரியை அகப்பட்டார். நான்கு நாவல் எழுதியவர். அண்ணை ஒன்றைக்கூடப் படித்ததில்லை, அதனால் தயக்கமும் இல்லை.

"மதாம், உங்கடை நாவலிலை வாற ஏழைச் சனத்துக்கு வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு ஆர் குடுக்கிறது?"

"அரசாங்கம்தான்."

"அப்ப கதையிலை துக்கத்துக்கு என்ன செய்யிறியள்?"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மேசை விரிப்பெல்லாம் கோப்பி கொட்டியது. விரிப்பை அலசியதும் அண்ணைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் கசெட் ஓடும். ஊரில் ராணுவத்துக்குத் தப்பி வந்து கனடா மேல் கண் வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அண்ணை இடையிடையே நிறுத்தி மொழிபெயர்ப்பார். பேட்டி கொடுத்தவர் ஆமென்று ஒரு 'வுய்' சொன்னால் இவர் மூன்று நிமிடம் பேசுவார்.

"அண்ணை, அந்தாள் ஓம் எண்டு மட்டும்தானே சொன்னவர்?"

"ஓம் எண்டு சொன்ன விதத்தைப் பார், தம்பி!"

முன்னாள் அமைச்சர் ஒருவரின் கசெட் மட்டும் வேறு மாதிரி. "கியூபெக் பிரிஞ்சு போகப் போறன் எண்டால் ஆமியை அனுப்புவியளோ?" என்று அண்ணை கேட்டிருந்தார். "இல்லையே, வாக்கெடுப்பு நடந்தது" என்றார் அமைச்சர், ஏதோ சாதாரண விஷயம் போல. பிறகு மூலையிலிருந்து யாரோ, "அதைத் திருப்பிப் போடுங்கோ அண்ணை" என்றார்கள். மூன்று தடவை போட்டார். அன்றைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

யாரைப் பேட்டி கண்டாலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான். "குளிர் காலத்திலை உங்கடை சனம் பக்கத்து வீட்டாரோடை கதைக்குமோ?" அந்த இடம் வந்ததும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கோரஸாகச் சொல்லிக் கேலி செய்வோம். அவர் கோபிக்கமாட்டார். பதிலை மட்டும் கவனமாகக் கேட்பார்.

கடைசியில் ஒரு நாள் விசாவுக்காக அவரையே நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்கப் பிரெஞ்சு வரும், தன்னைப் பற்றிச் சொல்ல வராது என்று மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப்போனார். கோட் சூட்டோடு உட்கார்ந்தவர், பழக்கதோஷத்தில் ரெக்கார்டரை எடுத்து கனடாத் தூதரக அதிகாரியம்மாவின் மேசையில் வைத்துவிட்டார்!

"அதை எடுங்கள். இன்றைக்குக் கேள்வி கேட்பது நான்" என்றார் அம்மா.

ரெக்கார்டர் என் மடிக்கு வந்தது. "ஏன் கனடா போக விரும்புகிறீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. அமைச்சரையே கேள்வி கேட்டவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கேக்கிற பக்கம் எண்டால் எனக்குத் தெரியும். மறுமொழி சொல்லத் தெரியேல்லையடா."

இது கைவிட்டுப் போனால் இன்னும் எத்தனை வருடமோ. திடீரென்று அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்து தமிழிலேயே கேட்டார்.

"மதாம், குளிர் காலத்திலை உங்கடை சனம் பக்கத்து வீட்டாரோடை கதைக்குமோ?"

தலையில் கை வைக்காத குறையாக மொழிபெயர்த்தேன். அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எங்கள் தெருவில் பேசமாட்டார்கள். ஏன்?"

"என்ரை மனுசி அங்கை மூண்டு குளிர் காலம் தனிய இருந்திட்டா. அவவோடை கதைக்க ஒரு ஆள் வேணும்."

அதைப் பிரெஞ்சில் சொன்னேன். இத்தனை நாள் கோரஸ் பாடியதற்கு வெட்கமாக இருந்தது. அம்மா எதையோ நீளமாக எழுதினார்.

வெளியே வந்ததும், "எப்பிடி அண்ணை?" என்றேன்.

"நல்ல மனுசி. ஒளிக்காமல் மறுமொழி சொன்னவ. கசெற்றிலை விழேல்லை எண்டதுதான் கவலை."

விசா கிடைத்தது. அண்ணை போனார், ரெக்கார்டரும் போனது. மேல்மாடி ஞாயிற்றுக்கிழமைகள் சப்பென்று ஆகிவிட்டன. எவரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அவரைத் தேடினோம்.

குளிர் தொடங்கியபோது மொன்றியலிலிருந்து ஒரு கசெட் வந்தது. "வணக்கம். இண்டைக்கு எங்களோடை ஒரு முக்கிய பிரமுகர் இருக்கிறா" என்று அண்ணையின் குரல். பக்கத்தில் ஒரு பெண் சிரிப்பை அடக்குவது கேட்டது. இந்தமுறை ஒரே ஒரு கேள்விதான், அந்தக் கேள்வி.

"முந்தி ஒருத்தரும் கதைக்கிறேல்லை" என்றார் அண்ணி. "இப்ப இவர் வீடு வீடாய்த் தட்டிப் பேட்டி எடுக்கிறார். தெருவே கதைக்குது. எனக்குத்தான் வாய் திறக்க இடமில்லை."

உடனே அண்ணை குறுக்கிட்டார். மனைவி தமிழில் சொன்னதை எங்களுக்காகத் தமிழிலேயே மொழிபெயர்க்கத் தொடங்கினார். "அவ என்ன சொல்லுறா எண்டால், தம்பியவை, அவ இப்ப சந்தோசமாய் இருக்கிறா..."

மூன்று நிமிடம் பேசினார். நாங்கள் ஒருவரும் இடைமறிக்கவில்லை.