வலது கன்னத்துக்கு ஐந்து அடுக்கு

ஆம்பூர்,
ஞாயிறு மத்தியானம், நவம்பர் 2006.

என் புஜ்ஜிக்கு, அக்கா அமிர்தவள்ளி எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். முட்டிவலி மட்டும் என்னை விட்டுப் போக மனசில்லாமல் கூடவே இருக்கிறது. அங்கே உன் நலத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. அந்த இடத்தில் நோயும் இல்லை, வலியும் இல்லை என்று போதகர் சத்தியநாதன் ஐயா உன்னை அடக்கம் செய்த அன்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார். ஆனாலும் கேட்காமல் கடிதம் ஆரம்பிக்க எனக்குத் தெரியாது. நலமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் வருகிற வியாழனோடு ஒரு வருஷம். வருஷ ஜெபத்துக்கு முன்னால் மனசில் கிடப்பதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள், பாரம் குறையும் என்று ஐயாவின் வீட்டம்மா ஜெபகனி சொன்னார்கள். என்னிடம் இருப்பது ஒரே பாரம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் தைரியம் போய்விடும். தொண்ணூற்றெட்டில் வேலூர் பாக்ஸிங்கில் நீ விழுந்தாயே, அது உன் தப்பு இல்லை. நான் தைத்துக் கொடுத்த தலைக்கவசம் உன் வலது கண்ணை மறைத்தது. ஏழு வருஷமாக "நான்தான் கவனிக்கலக்கா" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் சும்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன்.

இது எல்லாம் குடியாத்தத்தில் உன் முதல் சண்டையில் ஆரம்பித்தது. ஜெயித்துத்தான் வந்தாய், ஆனால் வலது கன்னம் பன் மாதிரி வீங்கி, அந்தப் பக்கம் சோறு போகாமல், இருபத்தொரு வயசு ஆம்பிளைக்கு நான் கஞ்சி ஊட்டினேன். ஸ்டேட் போட்டி வரைக்கும் போய்விட்டால் போலீஸில் விளையாட்டு ஆளுக்கென்று இடம் இருக்கிறது, காக்கிச் சட்டை போட்டுவிடலாம் என்று நீ அந்த வீங்கின வாயாலேயே சொன்னாய். எனக்கும் அதே ஆசைதான், நம் வீட்டில் ஒருத்தராவது தோல் வாசனை இல்லாமல் வேலைக்குப் போய்வர வேண்டும் என்று. அதனால் பாக்ஸிங்கை விட்டுவிடு என்று சொல்லாமல், நேராக உன் கலீமுல்லா மாஸ்டரிடம் போய், "அடி வாங்காம இருக்க வழியே இல்லையா மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அடி வாங்காத பாக்ஸர் ஏதும்மா? வாங்கிட்டு விழாம நிக்கணும். அதுக்கு வழி இருக்கு. மொதல்ல கழுத்து. கழுத்து கெட்டியா இருந்தா தலை ஆடாது. தலை ஆடினாத்தான் உள்ள மூளை ஆடி ஆள் விழுறது" என்றார். நான் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் சொன்னதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

கட்டிலில் மல்லாந்து படுத்து, தலையை வெளியே தொங்கவிட்டு, நெற்றிப் பட்டையில் அஞ்சு கிலோ கட்டித் தூக்கச் சொன்னார் அவர். அஞ்சுக்கே கழுத்து கெட்டியாகும் என்றால் பதினைந்துக்கு எப்படி ஆகும் என்று நான் கணக்குப் போட்டு, தோல் மண்டியில் பச்சைத் தோலிலிருந்து உதறிப்போட்ட உப்பை ஒரு சாக்கில் கட்டி எடுத்துவந்தேன். வாசலில் கட்டிலைப் போட்டு நீ நாலு தடவை தூக்கினாய், அஞ்சாவதுக்குச் சாக்கு பிரிந்து அத்தனை உப்பும் உன் முகத்திலும், அங்கேயிருந்து வழிந்து பக்கத்து வீட்டு மரியம்மாளின் கத்திரிச் செடியிலும் விழுந்தது. "இன்னாடி அமிர்தம், உன் தம்பி கழுத்து கெட்டியாவறதுக்கு என் கத்திரிக்கா சாவணுமா?" என்று அவள் கத்திக்கொண்டு வருவதற்குள் தெரு ஆடெல்லாம் வாசனை பிடித்து வந்துவிட்டது. கண்ணில் உப்பு விழுந்து நீ எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாய், நாலு ஆடு சுற்றி நின்று உன் கழுத்தை நக்குகிறது, நீ "அக்கா, இதுவும் எக்சர்சைஸா?" என்று கேட்கிறாய். அதை நினைத்து இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிப்பதற்குள் வேறொன்று வந்துவிடுகிறது.

அடுத்தது தாடை. தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டால் குத்து அங்கே இறங்காது, இருபத்துநாலு மணிநேரமும் பழகு என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். நீ சர்ச்சிலும் பழகினாய். நாலு ஞாயிறு தொடர்ந்து குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்துப் பிரசங்கத்தின் நடுவிலேயே போதகர் ஐயாவுக்குக் குரல் கம்மிவிட்டது. திங்கட்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். "ஜெர்சன், உனக்குள்ள ஏதோ பாவ பாரம் இருக்கு தம்பி. எங்கிட்ட சொல்லு" என்று உன் கையைப் பிடித்தார். நீ தாடையை எடுக்காமலேயே, "ஒண்ணும் இல்லீங்கய்யா, தாடையில அடி விழக் கூடாதுன்னு" என்றாய். "யாருப்பா உன்னை அடிக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் மெதுவாக என் பக்கம் திரும்பிப் பார்த்தார். முக்கால் மணிநேரம் ஜெபம் செய்தார், அதில் பாதி எனக்காக.

பல்லைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், வாய் திறந்திருக்கும்போது அடி விழுந்தால் தாடை கழன்றுவிடும் என்று மாஸ்டர் சொன்னதும், பழகுவதற்கென்று உனக்கு ஷூ அடிக்கு வைக்கிற கெட்டித் தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். குரோம் போட்ட தோலில் மருந்து இருக்கும், வாயில் வைக்கக் கூடாது என்கிற புத்தி எனக்கு இருந்தது. அதனால் பார்த்துப் பார்த்துக் கடுக்காயில் பதனிட்டதாக எடுத்தேன். கடுக்காய் வயிற்றைக் கழுவும் என்பது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும், அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஒரு நாள் முழுக்க நீ அதை ஊற ஊறக் கடித்தாய். மறுநாளும் அதற்கு மறுநாளும் நீ பின்பக்கமே குடியிருந்தாய். மாஸ்டர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "நான் பல்லைக் கடிக்கச் சொன்னா நீங்க குடலை உருவிட்டீங்களேம்மா! தண்ணி வத்தின ஒடம்பு அடி தாங்காதும்மா. மூளைக்கு அதுதான் மெத்தை. வேலூர் சண்டைக்கு மூணு வாரம்கூட இல்ல, ஜாஸ்தி தண்ணி குடு" என்றார். நான் அவரை உட்காரவைத்துச் சோறு போட்டேன். அன்றைக்குத்தான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். "கழுத்து, தாடை எல்லாம் அப்புறம்மா. கண்ணுதான் முக்கியம். வர்றத பார்த்துட்டா ஒடம்பு தானா இறுக்கிக்கும், தலையும் அது போற பக்கமே கொஞ்சம் போய்க்கும். எவ்ளோ பெரிய ஆளையும் படுக்க வெக்கிறது அவன் பார்க்காத குத்துதான்." நான் காதில் வாங்கினேன். "சரிங்க மாஸ்டர், இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். என் மடியில் அப்போது பாதி தைத்த தலைக்கவசம் இருந்தது.

அதை எப்படித் தைத்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், நான் நல்லபடியாகச் செய்த வேலை அது. கிளப்பில் இருந்த கவசம் பிய்ந்துபோய் நாலு பேர் வேர்வை நாற்றம் அடித்தது. நான் வேலை செய்கிற ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் ரஷீத் அஹமது பாயிடம் கேட்டேன், ரிஜெக்ட் ஆன நல்ல மெத்துத் தோலும், ஷூ நாக்குக்கு வைக்கிற ஃபோமும் எடுத்துக்கச் சொல்லிச் சீட்டே எழுதிக் கொடுத்தார். கேட்டில் வாட்ச்மேன் முனிரத்தினம் பையைப் பிரித்து, வெட்டி வைத்திருந்ததைத் தன் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, "இன்னா அமிர்தம், நெலாவுக்குப் போறியா?" என்று கேட்டு, அதோடேயே அத்தனை பெண்களின் பையையும் சோதித்தான். ஓரத்தைச் சீவி, மடித்து, வெளிநாட்டுக்குப் போகிற ஷூவுக்குக்கூட அப்படித் தைத்ததில்லை, ஒரு தையல் தப்பில்லை. இடது கன்னத்துக்கு மூன்று அடுக்கு ஃபோம் வைத்தேன். வலது கன்னம் குடியாத்தத்தில் வீங்கின கன்னமாயிற்றே, கை கேட்கவில்லை, ஐந்து அடுக்கு வைத்தேன். நீ போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "பொன்னுக்கு வீங்கி வந்தவன் மாதிரி இருக்கேன்க்கா" என்றாய். "இருந்துட்டுப் போ, அடி படாதுல்ல" என்றேன்.

வேலூரில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஜெயித்தால் ஸ்டேட், தோற்றால் வீடு. எதிரே திருப்பத்தூர்ப் பையன், நெட்டையாக, இடது கை பழக்கமுள்ளவன். முதல் ரவுண்டில் நேராக ரெண்டு குத்து மூக்கில் வாங்கினாய், தலை அசையவில்லை, கழுத்து அப்படி நின்றது. எனக்குப் பதினைந்து கிலோ உப்பும் ஞாபகம் வந்து பெருமையாக இருந்தது. ரெண்டாவது ரவுண்டில் அவன் இடது கையைப் பின்னால் எடுத்தான். நான் பார்த்தேன். பக்கத்தில் கடலை விற்கிறவன் பார்த்து "போச்சுடா" என்றான். அந்தக் கூட்டத்தில் உன்னைத் தவிர எல்லோரும் பார்த்தோம். அது உன் வலப்பக்கமாகச் சுற்றி வந்து தாடைக்குக் கீழே விழுந்தது, நீ அப்படியே உட்காருகிற மாதிரி போய்ப் படுத்தாய். ரெஃபரி எண்ண ஆரம்பித்தார். நான் எழுந்து நின்று, "மெதுவா எண்ணுய்யா! புள்ள எழுந்துப்பான்! இன்னா அவசரம் உனக்கு, பஸ்ஸுக்கா நேரமாவுது?" என்று கத்தினேன். சனம் சிரித்தது. அவர் ஏழில் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார், அப்புறம் சரியாகவே எண்ணி முடித்தார்.

பக்கத்து கிளினிக்கில் டாக்டர் உன் கண்ணில் டார்ச் அடித்து, பேர் என்ன என்று கேட்டார். நீ என்னைப் பார்த்துக்கொண்டே "புஜ்ஜி" என்றாய். அவர் சீட்டைப் பார்த்தார், ஜெர்சன் என்று இருக்கிறது. "நல்லா யோசிச்சு சொல்லுப்பா." "புஜ்ஜி சார்." உடனே நினைவு தப்பியிருக்கிறது என்று எழுதிக் கட்டிலில் போட்டுவிட்டார். "சார், அது சரியான பேர்தான் சார், நான் வெச்சது" என்று நான் பின்னாலேயே போகிறேன், "நீங்க பதட்டப்படாதீங்கம்மா" என்று என்னையும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எனக்கும் பிரஷர் பார்த்தார்கள்.

மறுநாள் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் தூங்கினாய். நான் பையிலிருந்து அந்தக் கவசத்தை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று தலையில் மாட்டினேன். கண்டக்டர் "டிக்கெட், டிக்கெட்" என்று வலது காதுப் பக்கத்திலேயே கத்துகிறார், ஆளைக் காணோம். முழுசாகத் திரும்பின பிறகுதான் தெரிந்தார், ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். கழற்றிப் பைக்குள் வைத்தேன். உன்னை எழுப்பிச் சொல்லலாம் என்று நினைத்தேன். பள்ளிகொண்டாவில் சொல்லலாம், மாதனூரில் சொல்லலாம் என்று ஆம்பூர் வந்துவிட்டது.

அதன்பிறகு நீ ரிங்குக்குள் போகவில்லை. தோல் பதனிடுகிற இடத்தில் டிரம் சுற்றுகிற வேலைக்குப் போனாய், எந்த வாசனை உனக்கு வேண்டாம் என்று நினைத்தேனோ அதோடேயே வீட்டுக்கு வந்தாய். யாராவது கேட்டால், "நான்தான் அசந்துட்டேன், அந்தப் பக்கம் பார்க்கல" என்பாய். அப்போதெல்லாம் நான் அடுப்பங்கரைக்குள் போய்விடுவேன். உன் பேரில் ஒட்டின பழியைத் துடைக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும், அந்த ஒரு நிமிஷத்தை ஏழு வருஷம் தள்ளிப் போட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நீ கண்ணைத் திறந்தபோதுகூட, "கஞ்சி குடிக்கிறியா?" என்றுதான் கேட்டேன். உனக்குத் தெரியாமலே போய்விட்டது புஜ்ஜி. அக்காவை மன்னித்துக்கொள்.

அம்மாவை அங்கே பார்த்தால் என் அன்பைச் சொல்லு, மரியம்மாளும் விசாரித்தாள், புதுசாகக் கத்திரி போட்டிருக்கிறாள். கர்த்தர் உன்னைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும், தாடையை இனி நீ நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் நெற்றியில் முத்தத்தோடு,
அக்கா அமிர்தம்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்து வைத்த பிறகு கலீமுல்லா மாஸ்டர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். தாளில் சொல்லியாகிவிட்டது, வாயாலும் சொல்லிவிடலாம் என்று அவரிடமும் சொன்னேன். அவர் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார். அப்புறம், "அது அவனுக்கு முன்னாடியே தெரியும்மா" என்றார். சண்டைக்கு முந்தின நாள் பயிற்சியில், புதுசாகச் சேர்ந்த பொடியன் ஒருத்தன் உன்னை வலப்பக்கமாகவே நாலு தடவை அடித்தானாம். மாஸ்டர் கவசத்தை வாங்கித் தன் தலையில் போட்டுப் பார்த்து, "இதுல ஒரு கண்ணு அவுட்டுடா, கழட்டு" என்று சொல்லிவிட்டாராம். வேலூரில் கிளப்பின் பழைய கவசத்தை உன் கையிலேயே கொடுத்தாராம். நீ மூன்றாவது வரிசையைப் பார்த்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்து, "அக்கா வந்து ஒக்காந்திருக்கா மாஸ்டர். ராவும் பகலுமா தெச்சிருக்கா. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கறேன்" என்றாயாம். விழுந்து எழுந்ததும் அவரிடம் முதலில் கேட்டது, அக்காவிடம் சொல்லக் கூடாது என்ற சத்தியமாம். எட்டு வருஷம் அந்த மனுஷன் காப்பாற்றியிருக்கிறார். இத்தனை பக்கம் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேனே, அதெல்லாம் வாபஸ். காக்கிச் சட்டையை என் தையலுக்காகவா விட்டுக் கொடுத்தாய்? பிரிச்சு ரெண்டு அடுக்கு எடுக்க எனக்கு அரைமணி நேரம் ஆகியிருக்குமாடா? "அக்கா, இதுல கண்ணு தெரியலக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இன்னா செத்தா போயிருப்பேன்?