வெள்ளிக்கிழமை மீன்

பதுளையில் வெள்ளிக்கிழமைதோறும் மீன் வாங்கிய சைவக்காரர் கந்தோர்க் கிளார்க்கர் இளையதம்பி ஒருவர்தான். லூசியா டீச்சர் வேதக்காரி. வெள்ளியன்று இறைச்சி தொடமாட்டாள் என்பதால் அன்று மட்டுமே இப்றாஹீமின் மீன்கடைக்கு வருவாள். அவளைப் பார்க்க அவருக்கு வேறு வழியில்லை.

அன்று அவள் கடைப் பலகையில் எழுதியிருந்த மீன் பெயர்களைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"தோரா மீனுக்கு இங்கிலீஷ்ல ஏங்க 'சீர்'னு பேரு?"

அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

"அது எங்கட தமிழ்ச் சொல்தான். கலியாணச் சீர்."

"அப்ப வெள்ளைக்காரனுக்குப் பொண்ணு கொடுத்தது யாருங்க?"

சிரித்தபடி ஒரு துண்டு வாங்கிக்கொண்டு நின்றாள். அவரும் ஒன்று வாங்கினார்.

அடுத்த வெள்ளி, 'சீர்' என்றால் இங்கிலீஷில் தீர்க்கதரிசி என்று திருத்தினார். அப்படியானால் வலை வருவது அதற்கு முன்னமே தெரிந்திருக்குமே என்றாள் அவள். அந்தச் சிரிப்பை நினைத்தே வாரம் முழுக்கக் கோப்புகளில் வெள்ளிக்கிழமைத் தேதியாகப் போட்டுவைத்தார்.

வாங்கிய மீனை என்ன செய்வது? அறை கொடுத்திருந்த செல்வநாயகி அக்கா சுத்த சைவம். வாசம் பிடித்துவிட்ட அவரிடம், பூனைக்கு என்றார். அதை மெய்யாக்க ஒரு பூனையைப் பிடித்துவந்தார். மறுவாரம் அது ஐந்து பூனைகளைக் கூட்டிவந்தது. ஒன்று சாமியறையில் குட்டி போட்டது.

"மாசம் முடிய வேற இடம் பாரும் தம்பி," என்றார் அக்கா.

இடம் பார்க்காமல் நூல்நிலையத்துக்குப் போய்த் தடித்த அகராதிகளைப் புரட்டினார் இளையதம்பி. விடை கிடைத்தது. போர்த்துக்கேயர் அந்த மீனை 'செர்ரா' என்றார்களாம். மரம் அரிகிற வாள். இங்கிலீஷ்காரர் வாயில் அது 'சீர்' ஆகிவிட்டது. அதை ஒரு தாளில் எழுதினார். மூன்று நாள் யோசித்து, கீழே இன்னொரு வரியும் சேர்த்தார்: 'ஆயுள் முழுக்க உம்மோடு கதைத்துக்கொண்டிருக்க விருப்பம்.'

வெள்ளிக்கிழமை வந்தது, அவள் வரவில்லை. பெட்டியில் ஐஸ் உருகும்வரை நின்றார். டீச்சருக்கு வெலிமடைக்கு மாற்றம், புதன்கிழமையே போய்விட்டாள் என்று இப்றாஹீம் சொன்னார்.

இளையதம்பி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இனி அவள் அங்கே யாரிடம் மீன் வாங்குவாளோ என்றார், தனக்குள் சொல்வதுபோல.

இப்றாஹீம் கத்தியைத் துடைத்தார்.

"அவ மீன் திங்கிறல்ல தொரை. நீங்க தெருமுனை திரும்பின ஒடனே, வாங்கின துண்டத் திருப்பி எங்கிட்டயே தந்திட்டுப் போவா."