மாஸ்டர் வீட்டு மாஸ்க்

"நேராப் போங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் தூங்கிவிட்டார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஒரு பல் டாக்டர். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. சொன்ன பேச்சைத் தட்டாத அம்மாள். நேராகப் போனார். கடைவீதியைத் தாண்டினார், ரயில் பாதையைத் தாண்டினார், ஊரையே தாண்டினார். மாஸ்டர் கண் விழித்தபோது கார் ஒரு செங்கல் சூளையின் வாசலில் நின்றிருந்தது.

"ஏம்மா, இங்க எதுக்கு வந்தோம்?"

"நீங்க திரும்பச் சொல்லவே இல்லையே சார்."

"நிறுத்தியாவது இருக்கலாமே?"

"நிறுத்தறதை அடுத்த வாரம் சொல்லித் தர்றேன்னீங்க. ரோடு முடிஞ்சுபோச்சு, அதனால நின்னுது."

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மாஸ்டருக்கு நல்ல பேர் உண்டு. எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியையும் சாலையில் இறக்கிவிடுவார். அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், ஆபத்துக்கு மிதிப்பதற்கு. ஆனால் மிதிக்கக் கால் மட்டும் இருந்தால் போதாது, கால்காரர் விழித்திருக்க வேண்டும். கொஞ்ச காலமாக அதுதான் நடக்கவில்லை. சிவப்பு விளக்கில் கண் சொக்கும். பச்சை விழும்போது தலை தொங்கும்.

செங்கல் சூளை விஷயம் முதலாளியின் காதுக்குப் போனது. அவர் அதிர்ந்து பேசாத மனிதர்.

"மாஸ்டர், இன்னொரு தடவை வண்டியில தூங்கினா சாவியைக் கொடுத்துட்டு ஆபீஸ்ல உக்காந்துக்கோங்க. அங்க தூங்கினா யாரும் சாகமாட்டாங்க."

மாஸ்டர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"எல்லாம் உன்னாலதான்."

அவருடைய மனைவிக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரே அவரைக் கூப்பிட்டு 'எல்லாம் உங்களாலதான்' என்று சொல்லும். அத்தனை பேரையும் ஒரு பொய்கூடச் சொல்லாமல், ஒரு வாக்குறுதியும் கொடுக்காமல், சமாதானப்படுத்தி அனுப்பிவிடுவார். அப்படி ஒரு நாக்கு.

"என்னங்க ஆச்சு?"

"நான் பகல்ல தூங்கறேன்னா, ராத்திரி தூக்கமில்லைன்னு அர்த்தம். ராத்திரி தூக்கமில்லைன்னா யாரோ குறட்டை விடறாங்கன்னு அர்த்தம். ரூம்ல இருக்கறது ரெண்டே பேர்."

"ஆமா, ரெண்டு பேர்தான். அன்னிக்கு அந்தக் குறட்டையை போன்ல பதிவு பண்ணி உங்களுக்குப் போட்டுக் காட்டினேனே."

"அது எதிர் வீட்டு மோட்டார்."

"மோட்டார் நடுவுல 'அய்யோ அம்மா'ன்னு முனகுமா?"

"பழைய மோட்டார்."

இதற்கு மேல் பேச்சு வளர்ந்தால் தோற்றுவிடுவோம் என்று மாஸ்டருக்குத் தெரியும். அதனால் எழுந்து நின்று ஒரு பிரகடனம் செய்தார். இருவருமே பரிசோதனை செய்துகொள்வது. குறட்டை யாருடையது என்பதை மருத்துவமே சொல்லட்டும்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஆளை வீட்டுக்கே அனுப்பினார். வந்தவர் இருவர் மார்பிலும் ஒரு பட்டையைக் கட்டினார், விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார், மூக்கடியில் ஒரு குழாயை ஒட்டினார். "சாதாரணமாத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் வெற்றி பெறப் போகிறவரின் நிம்மதியோடு உடனே தூங்கிப் போனார்.

முடிவு வாங்கப் போக அவருக்கு நேரமில்லை. மனைவிதான் வேலை முடிந்து அப்படியே போய்விட்டு வந்தார்.

"ஒருத்தருக்குத்தாங்க இருக்கு. தூங்கும்போது தொண்டை அடைச்சுக்கிட்டு மூச்சு நின்னு நின்னு வருதாம். கவனிக்காம விட்டா இதயம் வரைக்கும் போகுமாம். இன்னொருத்தர் கல்லு மாதிரி இருக்காங்களாம்."

"நான் கல்லு மாதிரி இருக்கேன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் மாஸ்டர்.

அந்தம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

வென்றவருக்குப் பெருந்தன்மை வருவது இயல்பு. மாஸ்டருக்கு அது வெள்ளமாக வந்தது. "நீ ஒண்ணும் பயப்படாதே. நான் இருக்கேன். எல்லாம் நான் பாத்துக்கறேன். ஆனா இதைப் பத்தி வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"மூச்சு விடறதுதாங்க இங்க பிரச்சினையே."

வாடகைக்கு மிஷின் வந்தது. ரொட்டி டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து நீண்ட ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கில் மாட்டிக்கொள்ளும் மாஸ்க், அதைத் தலையோடு சேர்த்துக் கட்டப் பட்டைகள். இரவு முழுக்கப் பெட்டி காற்றை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும், தொண்டை அடைக்காது. அவ்வளவுதான் விஷயம்.

அம்மாள் அதைத் தொடவே மாட்டேன் என்றார். "பாத்தாலே என்னமோ மாதிரி இருக்குங்க. நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன். பயந்தவங்களுக்குச் சொல்லித் தர்றதுல உங்களை மிஞ்ச ஆள் இல்லைன்னு ஊரே சொல்லுதே."

ஊர் சொன்னால் மாஸ்டர் கேட்பார். கட்டிலில் சாய்ந்து பாடத்தைத் தொடங்கினார். "முதல்ல சீட்டைச் சரி பண்ணிக்கணும். தலகாணிதான் சீட்டு. அப்புறம் பெல்ட்டு. ரொம்ப இறுக்கக் கூடாது, தொளதொளன்னும் இருக்கக் கூடாது. இப்போ ஸ்டார்ட் பண்றேன், கவனமாப் பாரு. காத்து வருது. வாயை மூடிக்கிட்டு மூக்கால..."

பாடம் அங்கே நின்றது. மறுநாள் காலையில்தான் அவர் கண் திறந்தார்.

மாஸ்க் கழுவி, ஜன்னலோரம் காயப்போட்டிருந்தது. அம்மாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நான் தூங்கிட்டேனா? நீ மாட்டிக்கிட்டியா?"

"மிஷின் ராத்திரி பூரா ஓடுச்சுங்க."

"பயம் போச்சா?"

"பாதி போச்சு. இன்னிக்கும் ஒரு தடவை காட்டிடுங்க, மீதியும் போயிடும்."

மீதி போகவே இல்லை. மாஸ்டரும் சலிக்காமல் தினமும் போட்டுக் காட்டினார். சில மாணவர்களுக்குத் தலையில் ஏறக் கொஞ்சம் நாளாகும், பொறுமை வேண்டும் என்பது அவர் கொள்கை. காலையில் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கன்னத்திலும் கோடு விழுந்திருக்கும். தலகாணி உறை முரடாக இருக்கிறது, மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.

ஆனால் பலன் கண்கூடாகத் தெரிந்தது. சிவப்பு விளக்கில் கண் சொக்கவில்லை. பேச்சில் சுறுசுறுப்பு வந்தது, நடையில் துள்ளல் வந்தது. பல் டாக்டரம்மாள் திரும்பவும் நிறுத்தவும் கற்றுக்கொண்டார். ஒரு நாள் சந்திலிருந்து ஒரு தள்ளுவண்டி, பின்னால் ஆள் இருப்பதே தெரியாத உயரத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு, காரின் முன்னால் வந்துவிட்டது. டாக்டரம்மாள் பிரேக்குக்குப் பதிலாக வேறொன்றை மிதித்தார். மாஸ்டரின் கால், அவர் நினைப்பதற்கு முன்பே, தன் பக்கத்துப் பிரேக்கில் இருந்தது. தள்ளுவண்டிக்காரர் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நடந்தார். அன்று மாஸ்டர் சாலையோரம் காரை நிறுத்தச் சொல்லி, தன் பக்கத்துப் பிரேக்கை இன்னொரு முறை மிதித்துப் பார்த்தார். போன மாதமாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நீ மாஸ்க் போட ஆரம்பிச்சதிலேருந்து எனக்கு எவ்வளவு நல்லாயிருக்கு தெரியுமா" என்று மனதாரச் சொன்னார்.

"எனக்கும்தாங்க" என்றார் அம்மாள்.

இப்படியே நன்றாகப் போயிருக்கும். ஆனால் மாஸ்க்கில் மூக்கைச் சுற்றிப் படியும் ரப்பர் வளையம் ஒரு நாள் கிழிந்துவிட்டது. போட்டுக் காட்டும்போது குக்கர் மாதிரி விசில் அடித்தது.

"விடுங்க, புதுசா எங்க போய்த் தேடறது" என்றார் அம்மாள்.

"அப்படி விட்டுட முடியுமா? உன் உடம்பு என்ன ஆகறது?" மாஸ்டர் கிழிந்த வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

முதல் மருந்துக் கடையில் தூசிக்குக் கட்டிக்கொள்ளும் துணி மாஸ்க்கைக் கொடுத்தார்கள். இரண்டாவது கடைக்காரர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மிக்ஸிக்கா?" என்றார். ஆஸ்பத்திரி ஸ்டோரில், வளையம் மட்டும் தனியாகக் கிடையாது, மாஸ்க்கையே புதிதாக வாங்குங்கள் என்றார்கள். அதுவும் எப்போது வருமோ தெரியாதாம். ஹார்டுவேர் கடைக்காரர் மட்டும் நம்பிக்கையோடு ஒரு டியூப் பசையை எடுத்து வைத்தார். "தண்ணித் தொட்டிக்கே இதுதான் சார். மூக்கு எம்மாத்திரம்?"

கடைசியில் மருத்துவக் கருவிகள் விற்கிற கடையைக் கண்டுபிடித்தார். கடைக்காரர் வளையத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "மாத்து இருக்கு சார். ஆனா இதுல சைஸ் நம்பர் அழிஞ்சுபோச்சு. போடறவங்களைக் கூட்டிட்டு வாங்க, முகத்தை அளந்து பாக்கணும்."

"அவ வரமாட்டா. கூச்ச சுபாவம்."

"அப்போ ஞாயித்துக்கிழமை காலையில நூலகத்து மாடிக்குப் போங்க. இந்த மிஷின் போடறவங்க எல்லாம் அங்க கூடுவாங்க. யாருக்கு எது பொருந்தும், எந்த பார்ட் எங்க கிடைக்கும், எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. வீட்டுக்காரங்களும் வருவாங்க."

மாஸ்டர் போனார். நூலகத்து மாடியில் வட்டமாக நாற்காலிகள். நடுவில் ஒரு மேசையில் குழாய்கள், பட்டைகள், காற்று வடிகட்டிகள், விதவிதமான வளையங்கள். கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். நர்சம்மா என்றார்கள். ஒரு லாரி டிரைவர் மூக்கு வறண்டு போகிறது என்றார். மிஷினுக்குள்ளேயே தண்ணீர் ஊற்ற ஒரு கிண்ணம் இருப்பதை நர்சம்மா காட்டினார். பட்டை கன்னத்தில் உரசுகிறது என்று ஒரு பாட்டு வாத்தியார் சொன்னதும், பக்கத்திலிருந்தவர் மெல்லிய துணி உறை தைத்து மாட்டிய தன் பட்டையை எடுத்துக் காட்டினார். ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். மாஸ்டருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

தன் முறை வந்ததும் எழுந்து நின்றார். எழுந்து நின்றால் அவருக்குப் பேச்சு தானாக வரும். மூச்சு விடாமல் பேசினார்.

"நான் நோயாளி இல்லைங்க, நோயாளியோட வீட்டுக்காரர். என் மனைவி ரொம்பப் பிடிவாதம். இதைத் தொடவே மாட்டேன்னா. நான் அதட்டலை, மிரட்டலை. தினமும் நானே போட்டுக் காட்டறேன். வீட்டுல இருக்கறவங்க பொறுமையா இருந்தா எப்பேர்ப்பட்ட பிடிவாதத்தையும் வழிக்குக் கொண்டுவந்துடலாம். இதுல பெரிய அதிசயம் என்னன்னா, அவ போட ஆரம்பிச்சதிலேருந்து என் பகல் தூக்கம் போயே போச்சு."

எல்லோரும் நர்சம்மாவைப் பார்த்தார்கள். நர்சம்மா மேசையிலிருந்த வளையங்களில் ஒன்றை எடுத்தார். "இது பெரிய சைஸ். கொஞ்சம் உங்க மூக்கில வச்சுப் பாக்கலாமா?"

வைத்தார். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது.

"சார்" என்றார் லாரி டிரைவர், மெதுவாக. "ராத்திரி அவங்க மாஸ்க் போட்டிருக்கறதை நீங்க எப்பவாவது கண்ணால பாத்திருக்கீங்களா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். கன்னத்துக் கோடுகள் நினைவுக்கு வந்தன. 'மிஷின் ராத்திரி பூரா ஓடுச்சுங்க' நினைவுக்கு வந்தது. அன்று மூடிக்கொண்ட அந்த வாய் நினைவுக்கு வந்தது. திறந்த வாயை மூடினார்.

யாரும் சிரிக்கவில்லை. நர்சம்மா மட்டும் சொன்னார். "மூச்சு நின்னா, தூங்கறவங்களுக்குத் தெரியாது. பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குத்தான் தெரியும். திரும்ப வர்ற வரைக்கும் அவங்களுக்கு உயிர் உயிரா இருக்காது."

முன்பெல்லாம் இரவில் யாரோ தன் மார்பைப் பிடித்து உலுக்குவது போல் இருந்ததும், 'சும்மா படு' என்று அந்தக் கையைத் தட்டிவிட்டதும் மாஸ்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூக்குடைபட்டுத் திரும்ப வேண்டியவர், பொருத்தமான வளையத்தோடு திரும்பினார்.

வரும் வழியில் யோசித்தார். ஏமாந்தது நிஜம். ஆனால் ஏமாந்தது தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. எதுவும் தெரியாதவர் போலவே இருந்துவிட வேண்டியது. தினமும் பாடம் நடக்கும், தூக்கமும் கிடைக்கும், மானமும் மிஞ்சும். இப்படி நினைத்ததும் அவருக்குப் பழைய துள்ளல் திரும்பிவிட்டது.

"கிடைச்சிடுச்சு" என்று வளையத்தைக் காட்டினார். "வா, எப்படி மாட்டறதுன்னு போட்டுக் காட்டறேன்."

அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். "வேண்டாங்க. மிஷினைப் பெட்டியில போட்டு வச்சாச்சு. திருப்பிக் கொடுத்துடலாம்."

"என்னது? ஏன்?"

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரே."

"அப்படியெல்லாம் பட்டுனு நிறுத்தக் கூடாது. எதுக்கும் இருக்கட்டுமே."

"எதுக்குங்க? இடத்தைத்தானே அடைக்குது."

"பாடம் இன்னும் முடியலையே."

"யாருக்குப் பாடம்? எனக்கு பயம் சுத்தமாப் போயிடுச்சு."

மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தது. நாளைக் காலை பல் டாக்டரம்மாளுக்கு மேம்பாலத்தில் வகுப்பு. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு வேணும்."

"என்ன சொன்னீங்க?"

"மிஷின் எனக்குத்தான் வேணும். குறட்டை விடறது நான். மூச்சு நிக்கறதும் எனக்குத்தான்."

அம்மாள் மடித்த துணியைக் கீழே வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று மாஸ்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நல்லாத்தான் சொல்றீங்க. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லிப் பழகிக்கோங்க. மிஷின் வந்ததிலேருந்து நர்சம்மா எனக்கு போன் சிநேகம். அடுத்த கூட்டத்துல நீங்கதான் பேசறீங்கன்னு அவங்ககிட்ட நான் எப்பவோ சொல்லி வச்சாச்சு."