அப்பாவின் தன்வெப்ப ஏற்புத்திறன்

என் தகப்பனாரை நான்கு மணி நேரம் முன்கூட்டியே எரித்தவன் நான். பதற வேண்டாம், அவர் முந்தின நாள் சாயங்காலமே முறையாக இறந்துபோயிருந்தார். நான் அவசரப்பட்டது தகனத்தில்தான். அதைவிட வெட்கக்கேடு, நான் பாலிடெக்னிக்கில் குளிர்பதனப் பாடம் நடத்துகிறவன். (இன்னும் வேலையை விட்டு எடுக்கவில்லை.)

ஆறு வருடத்துக்கு முன், சித்திரை வெயிலில், திருநகர் வீட்டில் நடந்தது. கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியில் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். தங்கை செல்வி தோஹாவில் நர்ஸ். சேதி கேட்டதும் கிளம்பிவிட்டாள். சென்னையில் விமானம் மாறி மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள், ஆறரைக்கு எடுப்பது என்று பேச்சு. அப்பாவை அவள் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதாம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெனரேட்டருக்காகச் சித்தப்பா சிம்மக்கல்லில் நாலு இடத்துக்குப் போன் போட்டார். எல்லாம் முகூர்த்தத்துக்குப் போயிருந்தன. பெட்டியின் உறுமல் நின்றதும் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திப் பெட்டியைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"ஏப்பா, எம்புட்டு நேரம் தாங்கும்? ஒன் படிப்பே இதுதான?" என்றார் சித்தப்பா.

என் படிப்பைப் பற்றி என் குடும்பம் கேட்ட முதல் கேள்வி அது. அழுகிறவனுக்கு ஒரு வேலை கிடைத்தால் எத்தனை ஆறுதல்! கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தேன்.

என்னிடம் ஒரு பழைய அமெரிக்கக் கையேடு உண்டு. தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு பொருளை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்கிற அளவு, அதில் பட்டியல் போட்டிருக்கும். மனிதனுக்குத் தனி வரி இல்லை. ஆட்டிறைச்சி என்று இருந்ததை எடுத்துக்கொண்டேன். (அப்பா கறிப்பிரியர், தவறாக நினைக்க மாட்டார்.) அந்த எண்ணில் வெப்பத்தின் அலகு பி.டி.யு., எடை பவுண்டு, டிகிரி ஃபாரன்ஹீட். எனக்கு வேண்டியதோ ஜூல், கிலோ, செல்சியஸ். பி.டி.யு.வை ஜூலாக்கினேன், சரி. பவுண்டைக் கிலோவாக்கினேன், அதுவும் சரி. ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்க ஒன்று புள்ளி எட்டால் வகுத்தேன்.

பெருக்கியிருக்க வேண்டும். ஃபாரன்ஹீட் டிகிரி சின்னப் படி, செல்சியஸ் டிகிரி பெரிய படி. பெரிய படி ஏற அதிக வெப்பம் வேண்டாமா? இதே தப்பை முதலாண்டு மாணவன் செய்தால் சிவப்பு மையில் சுழித்து, வகுப்பில் வாசித்தும் காட்டுவேன்.

அடுத்தது உடல் எடை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஐம்பத்தெட்டு கிலோ என்று இருந்தது. எண்பது கிலோ இருந்த மனிதர். அதை எழுதும்போது கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தாளைச் சரியாகப் பார்க்காமலே முடித்தேன். விடை மூன்று மணி நேரம் என்று வந்தது. சரியாகப் போட்டிருந்தால் பத்து.

"ரெண்டரைக்கு மேல தாங்காது" என்று அறிவித்தேன்.

"படிச்ச புள்ள சொல்லுது. அப்ப ரெண்டரைக்கே எடுத்துருவோம்" என்றார் சித்தப்பா.

அம்மா மட்டும், "செல்வி வந்துரட்டுமேப்பா" என்றாள்.

"நம்ம ஆசைக்கு இதுல எடமில்லம்மா. இது கணக்கு" என்றேன். (இந்த வாக்கியத்தைச் சொன்ன வாயை வைத்துக்கொண்டுதான் இன்றும் சாப்பிடுகிறேன்.)

ஒரு மணிக்குச் செல்வி போன் செய்தாள். "சென்னையில எறங்கிட்டேண்ணே. மூணேகாலுக்கு அடுத்த பிளேன். அப்பாவ வச்சிருப்பீகல்ல?"

"இல்லத்தா. ரெண்டரைக்கு எடுக்குறோம். பெட்டி தாங்காது, கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"ஐஸ் வாங்கி வச்சாலும் தாங்காதா?"

"அதையும் சேத்துத்தான் போட்டேன்." (சேர்க்கவே இல்லை. அந்த நேரத்தில் தோற்க மனம் வரவில்லை.)

விமான நிலையத்தின் அறிவிப்புச் சத்தத்துக்கு நடுவே, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்று வைத்துவிட்டாள்.

இரண்டரைக்கு எடுத்தோம். மின்மயானத்தில் கரண்ட் தாராளமாக இருந்தது.

ஐந்தரைக்குச் செல்வி பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாள். கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி காலியாகக் கிடந்தது. வீட்டில் இன்னும் கரண்ட் வரவில்லை. அவள் மூடியைத் தூக்கி, அப்பாவைக் கிடத்தியிருந்த தகட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னும் சில்லுன்னுதாண்ணே இருக்கு" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லியிருந்தால் தேவலை. நோயாளியின் நெற்றியைத் தொட்டுச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்த பெட்டிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஆறரைன்னுதானண்ணே சொன்னீக? அதுக்குள்ள எடுத்தாச்சா?"

கரண்ட் போன கதையைச் சொன்னேன்.

"அதுக்கா? மூடியத் தொறக்காம வச்சா ராத்திரி வரைக்கும் அசையாதுண்ணே. ஒரு போன் போட்டிருக்கலாம்ல? நம்பரு மூடியிலயே ஒட்டியிருக்கு."

ஒட்டியிருந்தது. அப்பாவின் கால்மாட்டில், கொட்டை எழுத்தில்.

அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்க்க எனக்குப் பதினைந்து நாள் ஆனது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டேன் என்றேன். ஐஸ் விஷயத்தையும் சொன்னேன். சித்தப்பா மேலே மின்விசிறியைப் பார்த்தார். செல்வி தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தாள். அலகு மாற்றத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்பத்தெட்டு கிலோதான் இருந்தாராண்ணே?" என்றாள்.

தலையாட்டினேன். அப்போது அம்மா சொன்னதைத்தான் இன்றுவரை எங்கள் வீட்டில் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிச் சிரிக்கிறார்கள். செல்வியும் சிரிக்கிறாள், அதனால் நானும் சிரிக்கிறேன்.

"எனக்குன்னு வரும்போது, செல்வி வந்து சேர்ற வரைக்கும் இவன எங்கிட்டாவது வெளியூருக்கு அனுப்பி வச்சிருங்க."