கக்கூஸ் குழிக்குள் ஒரு வீடு

கடப்பாரை "ணங்" என்றது. முத்துக்குமார் மண்ணைத் தள்ளிப் பார்த்தான். கக்கூஸுக்குத் தோண்டிய குழிக்குள் ஒரு வீடு இருந்தது.

நாலு பக்கமும் பலகைக் கல். மேலே ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்கு மூடுகல். கிழக்குக் கல்லில் தலை நுழையும் வட்ட ஓட்டை. செத்தவனுக்கு ஆயிரக்கணக்கான வருசமாக அசையாத கூரை. உயிரோடு இருப்பவனுக்கு ஒழுகுகிற ஆஸ்பெஸ்டாஸ்.

"ஏங்க, எவனோ ஆதிகாலத்து ஆளோட சமாதிங்க!" அவன் பொண்டாட்டி பவளம் அலறினாள்.

"கத்தாத. மலையடிவாரத்துல இதே மாதிரி கெடந்ததுக்குத்தான சர்க்காருல வேலி போட்டு போர்டு வச்சுட்டாங்க? தெரிஞ்சா நம்மளயும் கெளப்பிருவாங்க."

சாத்தூரிலிருந்து ஓசூருக்கு வந்து, கம்பெனியில் இரும்பு தூக்கித் தேய்ந்த முதுகுக்கு மிஞ்சியது அந்த ஆஸ்பெஸ்டாஸ் வீடு ஒன்றுதான்.

தார்ப்பாய் போட்டு மூடப் போனான். பக்கத்து வீட்டு நாராயணம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்னா தம்பி அது?"

"தண்ணித் தொட்டிக்கா."

"ஓட்டை வெச்ச தொட்டியா? தண்ணி நிக்குமா, நடந்து போவுமா?"

வாய் குழறியது. "இல்லக்கா... புத்து. நாகம் ஒண்ணு உள்ள போச்சு."

"அப்டிச் சொல்லு!"

மறுநாள் விடிந்தபோது கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. ஓட்டைக்கு முன்னால் பாலும் முட்டையும். வெள்ளிக்கிழமைக்குள் தெருவே பவளத்தின் அடுப்படி வழியாக வரிசை கட்டியது. கொதித்த குழம்புக்கும் யாரோ கற்பூரம் காட்டிவிட்டுப் போனார்கள். வயிற்றுக்கு அவசரமென்றால் புருசனும் பொண்டாட்டியும் பழையபடி ஏரிக்கரைக்கே நடந்தார்கள்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் திம்மப்பன் ஒருநாள் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மா பார்வைக்கு உன் ஊடு குறுக்க நிக்குதுப்பா. இடிச்சிரு. கோயில் கட்டிரலாம்."

முத்துக்குமார் கணக்குப் பார்த்தான். சர்க்கார் வந்தால் காலில் விழுந்தாவது கொல்லைப்புறத்தோடு நிறுத்தலாம். சாமியிடம் எந்தக் காலைப் பிடிப்பது? தொல்லியல் துறைக்கு அவனே போன் போட்டான்.

கிருஷ்ணகிரியிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்தார். மஞ்சளைச் சுரண்டினார். டேப் பிடித்தார். முகம் மலர்ந்தார்.

"பெருங்கற்காலத்துக் கல்லறை! ஆனா இது ஒத்தையா இருக்காதே. பக்கத்துல வேற யார் வீட்டுலயாவது இருக்கா?"

தெருவே தலையைக் குனிந்துகொண்டது. நாராயணம்மா முத்துக்குமாரின் காதோரம் வந்து பல்லைக் கடித்தாள்.

"பாவி! என் அடுப்படிக்குக் கீழ ஒண்ணு, திம்மப்பன் கட்டிலுக்குக் கீழ ரெண்டு. நாங்கெல்லாம் போன் போட்டமா?"