மொட்டைமாடி நாயை ஏட்டு கூட்டிப்போன விவரம்

கோச்சடை,
மே 9

அன்புள்ள மாப்ள ஆல்பினுக்கு, உன் தாய்மாமன் ராயப்பன் எழுதுவது. நானும் உன் அத்தை அற்புதமேரியும், எங்கள் சர்க்கரையும் பிரஷரும், மாதாவின் தயவால் சௌக்கியம். கத்தாரில் நீயும் சௌக்கியமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் கடிதம்.

விமானம் ஏறும்போது நீ என்னிடம் விட்டுப்போன நாயைத் திங்கட்கிழமை கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு வருஷமாக மொட்டைமாடி முழுவதையும் அதற்கென்றே கொடுத்திருந்தேன். அவ்வளவு காற்றோட்டம் கலெக்டர் பங்களாவில்கூடக் கிடையாது. பக்கத்துத் தெரு இந்துப்ரியா, மிருகங்களுக்கு ஏதோ சங்கம் வைத்திருக்கிற பெண், ஒரு ஏட்டோடு மாடியேறி வந்து டேப்பை எடுத்துச் சங்கிலியை அளந்தாள். "ரெண்டேகால் அடி, அங்கிள். இம்புட்டுக் குட்டைச் சங்கிலில நாளெல்லாம் கட்டிப்போடுறது சட்டப்படி குத்தம்." "அது என்ன அழகர்கோவிலுக்கு நடந்தா போகப்போகுது?" என்றேன். ஏட்டு சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. காலிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். வைகை அணை கணக்காகத் தண்ணீர் ஊற்றியிருந்தேன், வெயில் குடித்துவிட்டது, அதற்கு நானா பொறுப்பு? மிஷன் பள்ளிக்கூட கேட்டில் முப்பத்தோரு வருஷம் இதே வெயிலில் வாட்ச்மேனாக நின்றேன். மூன்று ஹெட்மாஸ்டர்கள் என்னைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்தையே நடத்தினார்கள். ஆனால் எனக்கு நிழல் இருக்கிறதா என்று டேப்போடு ஒருவரும் வந்ததில்லை. அந்தச் சட்டத்தை நாய்க்குத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு வெறிநோய்த் தடுப்பூசி சர்டிபிகேட் கேட்டாள். நான் அசரவில்லை, போட்டோவைக் காட்டினேன். ஜனவரியில் வனத்து அந்தோணியார் திருவிழாவுக்கு ஆடும் மாடுமாக ஆயிரம் உருப்படி வரிசையில் நிற்க, பாதர் முதலில் தீர்த்தம் தெளித்தது உன் நாய்க்குத்தான். "இதுக்கு மேல என்னம்மா ஊசி?" என்றேன். "ஆசீர்வாதம் சரி அங்கிள், ஊசி எங்க?" என்றாள். "அண்ணே, தீர்த்தத்துக்குச் சீல் கிடையாதே" என்று ஏட்டும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார். அவிழ்த்துக் கூட்டிப்போய் வாடிப்பட்டி ரோட்டில் ஒரு காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. உன் அத்தை மாடிக்குப் போய் வந்ததிலிருந்து என்னோடு பேசுவதில்லை, சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள். ஆகவே, "என் நாயை என் மாமா என்னைவிட நன்றாக வளர்த்தார், அவரிடமே கொடுக்கவும்" என்று அவர்களுக்கு உடனே ஒரு மெயில் போடு. நாயைத் திரும்பக் கேட்கப் பத்து நாள்தான் கெடு கொடுத்திருக்கிறார்கள். என் மரியாதை உன் கையில் இருக்கிறது.

உன் வேலையும் உடம்பும் குறைவில்லாமல் இருக்க ஆண்டவர் துணையிருப்பாராக.

இப்படிக்கு,
உன் நலம் மறவாத மாமன்,
ராயப்பன்

பின்குறிப்பு: மெயில் வேண்டாம். கவரை ஒட்டுவதற்கு முன்னால் இன்று காலை நானே அங்கே போனேன், சண்டை போடத்தான் போனேன். கம்பிக்கதவைத் திறந்ததும் அது ஓடிவந்து என் காலையே சுற்றிச்சுற்றி வந்தது மாப்ள, வேறு யாரிடமும் போகவில்லை. கழுத்துப் புண்ணுக்கு மருந்து போட்டிருந்தார்கள். அங்கேயே இருக்கட்டும் என்று உன் சார்பில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாரத்தில் நாயின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நீ சொல்லிவிட்டுத்தான் போனாய், நான் இத்தனை நாளும் "ஏய்" என்றுதான் கூப்பிட்டேன். அந்த இந்துப்ரியா பேனாவோடு காத்திருந்தாள். அதற்கு என்ன பேர் வச்ச மாப்ள, அதை மட்டும் எழுதி அனுப்பு.