லேபிள் இல்லாத பத்துப் பாட்டில்கள்

தாது ஞானி கையைத் தொட்டால் போதும், உடம்புக்குள் எது குறைகிறது என்று சொல்லிவிடுவார். ரத்தம் எடுக்க வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், படிப்பு சுத்தமாக வேண்டாம். காலை ஏழு மணிக்கே அவருடைய மாடி ஹாலின் படிக்கட்டில் செருப்பு குவிந்துவிடும். கெண்டைக்கால் இழுக்கிறவர்கள், தூக்கம் வராதவர்கள், தூங்கித் தூங்கியே அலுத்தவர்கள், மருமகளோடு ஒத்துப்போகாதவர்கள், எல்லாருக்கும் ஒரே குறை: மெக்னீசியம். எல்லாருக்கும் ஒரே தீர்வு: ஞானியின் நீலப் பாட்டில்.

வலது கையை நேராக நீட்ட வேண்டும். ஞானி இரண்டு விரலால் அமுக்குவார். கை தொபுக்கென்று விழும். "பாத்தீங்களா, உள்ள ஒண்ணுமே இல்ல!" பிறகு இடது கையில் பாட்டிலைக் கொடுத்து மறுபடி அமுக்குவார். கை அசையாது. மூடி திறக்காத பாட்டிலிலிருந்து தாது எப்படி ஒரு கையில் ஏறி மறு கைக்கு ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டவே நேரம் போதவில்லை. மெக்னீசியத்தில் சிட்ரேட் வகையா, ஆக்ஸைடு வகையா, எது ஒத்துக்கொள்ளும் என்பதைப் பிறந்த தேதியைக் கூட்டிப் பார்த்துச் சொல்வார்.

முன்வரிசையில் பதினோரு நாளாக உட்கார்ந்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர். சிறுநீரகம் பழுதாகி, ஸ்டீயரிங்கை விட்டு எட்டு மாதம். அவருடைய மனைவி சோப்புக் கம்பெனியில் வாசனை பார்க்கிறவள். அங்கே 'மூக்கக்கா' என்றால்தான் தெரியும். ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது, டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே கிடப்பதைப் பார்த்தாள்.

"ஏங்க, மாத்திரை எல்லாம் அப்படியே இருக்கு?"

"ஐயா நிறுத்தச் சொல்லிட்டாரு. ரெண்டும் ஒத்துக்காதாம். ஒரு மாசத்துல மறுபடி பஸ் ஓட்டுவேன்னு சொல்லியிருக்காரு."

"டாக்டரைக் கேட்டீங்களா?"

"அவரு எங்க கையைத் தொட்டாரு? பேப்பரைத்தான் பாக்குறாரு."

அவள் நீலப் பாட்டிலோடு மருந்துக் கடைக்கு ஓடினாள். கடைக்காரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெக்னீசியம் கெட்டது இல்லம்மா. தசை, நரம்பு, இதயத்துடிப்பு எல்லாத்துக்கும் அது வேணும். கீரை, பயறு, கொட்டை, பூசணி விதை, இதுலயே பல பேருக்குக் கிடைச்சிரும். குறைச்சல்னு டாக்டர் சொன்னா வாங்கலாம். சிட்ரேட் உடம்புல நல்லா சேரும். ஆக்ஸைடு சேர்றது கம்மி, வயித்தத்தான் இளக்கும். எதை வாங்கினாலும் சுத்த மெக்னீசியம் எவ்வளவுன்னு லேபிள்ல இருக்கணும். இதுல அவரு போட்டோதான் ரெண்டு பக்கமும் இருக்கு."

"எங்க வீட்டுக்காரருக்கு கிட்னி சரியில்லீங்க."

கடைக்காரம்மாவின் முகம் மாறியது. "மிச்சத்தை வெளிய தள்ளுறதே கிட்னிதாம்மா. அது தள்ளலைன்னா ரத்தத்துல ஏறும். இதயத்துடிப்பே இறங்கிரும். உடனே நிறுத்தச் சொல்லுங்க."

சொன்னாள். அழுதாள். பாட்டிலை ஒளித்தாள், மாலைக்குள் புதுப் பாட்டில் வந்துவிட்டது. "மருந்து விக்கிறவங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்றார் டிரைவர். ஞானி என்னவோ பாட்டிலைத் தானம் செய்கிற மாதிரி!

அவள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சோப்புக் கட்டிகளைப் பெயரை மறைத்து, வெறும் எண் போட்டுத்தான் முகரக் கொடுப்பார்கள். ரோஜா என்று எழுதியிருந்தால் வெறும் கட்டியிலும் ரோஜா மணக்கும். இருபது வருட மூக்குக்கு அது நன்றாகத் தெரியும். அக்கம்பக்கத்தில் பத்துக் காலிப் பாட்டில் கேட்டாள். அந்தத் தெருவில் அதற்கா பஞ்சம்! கடைக்காரம்மா ஐந்தில் அவள் ஒளித்து வைத்திருந்த ஞானியின் தூளையும் ஐந்தில் பொடித்த உப்பையும் போட்டு, காகிதம் சுற்றி, எண் போட்டு, விவரத்தை ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். எதில் என்ன என்று மூக்கக்காவுக்கே தெரியாது.

மறுநாள் காலை ஹாலில் அவள் பையைத் திறந்து, "அஞ்சுல உங்க தூளு, அஞ்சுல உப்பு. எதுல எதுன்னு கையை அமுக்கியே சொல்லுங்க ஐயா" என்றதும் ஞானி சிரித்தார்.

"தாதுவைச் சோதிக்கக் கூடாதும்மா."

"செய்ங்க ஐயா," என்று எழுந்தவர் டிரைவர்தான். "இவ வாயை அடைங்க. என் கையிலேயே பாருங்க."

பக்தனே கையை நீட்டிவிட்டால் ஞானி என்ன செய்வார்? முதல் பாட்டிலைக் கொடுத்தார். அமுக்கப் போன விரல்கள் மணிக்கட்டுக்குப் போயின, முழங்கைக்கு வந்தன, வழி தெரியாமல் நடுவில் நின்றன. பத்துப் பாட்டிலுக்கும் இந்த ஊர்வலம் நடந்து, ஒவ்வொன்றுக்கும் தூள், உப்பு என்று ஒரு தீர்ப்பு வந்தது. முன்வரிசையில் இருந்த கணக்கு டீச்சர் கவரைப் பிரித்துச் சரிபார்த்தார்.

"பத்துக்கு அஞ்சு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்!"

"சந்தேகம் இருக்குற இடத்துல தாது வேலை செய்யாது!" என்று ஞானி சீறினார்.

"தலைவலி மாத்திரை சந்தேகப்படுறவனுக்கும் கேக்குதுங்களே," என்றாள் மூக்கக்கா. "டீச்சர், உப்புப் பாட்டிலையே எங்க வீட்டுக்காரர் கையில குடுங்க. மொதல்ல மணிக்கட்டுல அமுக்குங்க. அப்புறம் முழங்கைகிட்ட அமுக்குங்க."

டீச்சர் அமுக்கினார். மணிக்கட்டில் கை தொபுக்கென்று விழுந்தது. முழங்கையில் அசையவில்லை.

"வெறுங்கைன்னா மணிக்கட்டு, பாட்டில் இருந்தா முழங்கை. கதவைக் கைப்பிடிகிட்ட தள்ளினா லேசா நகரும். கீல்கிட்ட தள்ளிப் பாருங்க, நகருமா? அவ்வளவுதாங்க இவரோட ஞானம்."

ஹாலில் ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருந்தவர் கையை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக ஞானி பின்வாசலுக்குப் போனார். தண்ணீர் வெகு தூரத்தில் இருந்திருக்க வேண்டும்; இன்றுவரை திரும்பவில்லை.

டிரைவர் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். "மறுபடி பஸ் ஓட்டுவேன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சும்மா," என்றார். எழுந்து படிக்கட்டை நோக்கி நடந்துகொண்டே, "டாக்டர் எத்தனை மணிக்கு வருவாரு?" என்று கேட்டார்.

அன்றே ரத்தம் எடுத்தார்கள். மெக்னீசியம் குறையவே இல்லை, எல்லையைத் தாண்டியிருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த மாடி ஹால் காலியாக இல்லை. இப்போது அங்கே துத்தநாகம் தருகிறார்கள், பாட்டில் பச்சை நிறம், படிக்கட்டில் அதே செருப்புகள். போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். செருப்பை வாசலில் விடும்போது மூளையையும் சேர்த்து விட்டுவிட வேண்டாம். காணாமல் போனால் செருப்பாவது வேறொருவர் காலுக்கு உதவும், விட்டுவிட்டுப் போன மூளையை யாரும் தொடக்கூட மாட்டார்கள்.